பதினாறு தண்ணி கேனும் நாற்பத்தேழு வயது மகனும்

இதனால் மந்தைவெளி இரண்டாம் மாடி வாசிகளுக்கும், தியாகராய நகர்ப் பாத்திரக்கடைச் சிப்பந்திகளுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் காற்று வாங்கும் சகலமானவர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: ஃப்ரிட்ஜின் மேல் எவர்சில்வர் டப்பாவில் வசித்துவந்த படகுச் சாவி ஒன்று இன்று, வியாழக்கிழமை காலை, காணாமல் போய்விட்டது. நிறம் வெள்ளி. உயரம் ஆள்காட்டி விரல் அளவு. கடைசியாகப் பார்த்தபோது கழுத்தில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று அணிந்திருந்தது. கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குச் சன்மானம் கிடையாது. ஏனென்றால் எடுத்தவன் நான்தான். சாவி இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தை மடித்து வைத்தவனும் நான்தான்.

அன்பு மகனே, ஆமாம், மகனே என்றுதான் எழுதியிருக்கிறேன், கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். எனக்குப் பதினேழு, உனக்கு நாற்பத்தேழு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகில் நடந்ததைப் பார்த்தபிறகு, நம் இரண்டு பேரில் யாராவது ஒருவர் அப்பாவாக இருந்தே ஆகவேண்டும் என்று எனக்குப் பட்டது. நீ அந்த வேலையைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் முடிகிறவரை நான் அப்பா, நீ பிள்ளை. வீட்டில் உன்னை நீங்க என்றுதான் சொல்கிறேன், இங்கே நீ. அம்மா அம்மாவாகவும் அக்கா அக்காவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களையும் மாற்றப்போனால் உறவுமுறை கவிழ்ந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒன்று கவிழப் பார்த்ததே போதும்.

நேற்றுச் சாயங்காலம் கடையிலிருந்து வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் படகுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். பதினோரு பேர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சிரித்துப் பேச ஒரு வாய்ப்பாம். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா தன் முழங்கையில் இருந்த பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நீ இரண்டையும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று நான் கேட்டபோது, "ஏல, படகுல போறவனுக்கு நீச்சல் எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே சாவியை அடையாற்றில் வீசியிருப்பேன். அடையாறு ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சரக்கு ஏற்றுவது. பானை, குண்டான், இட்லிச் சட்டி, அண்டா எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரு மினி லாரியில் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வேண்டியதை முழுதாக ஏற்றி அனுப்புகிறவன் நீ. அதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, அதை மறுக்கவில்லை. ஆனால் இடம் இருக்கும்வரை ஏற்றலாம் என்பது உனக்கு வியாபாரமாக இருந்து, பிறகு பழக்கமாகி, இப்போது வியாதியாகிவிட்டது. எனக்கு ஆறு வயதில் தீபாவளிக்கு முந்தின வாரம் பாண்டி பஜாரிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வந்தோமே, நினைவிருக்கிறதா? முன்னால் நான், பின்னால் அம்மா, நடுவில் அக்கா, அக்காவின் மடியில் ஒரு பத்து லிட்டர் குக்கர், குக்கருக்குள் பட்டாசு. தேனாம்பேட்டை சிக்னலில் போலீஸ்காரர் நம்மை நிறுத்தவில்லை. எங்கே பிடித்து நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ அதை இன்றைக்கும் வெற்றிக்கதையாகச் சொல்கிறாய். ஷேர் ஆட்டோவில் இன்னும் இரண்டு பேர் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்கிற அதே குரலில்தான் படகிலும் ஆள் ஏற்றுகிறாய். ஆட்டோவுக்கு அடியில் ரோடு இருக்கிறது, மகனே. சக்கரம் பஞ்சரானால் இறங்கி நிற்கலாம். படகிலிருந்து இறங்கி எங்கே நிற்பாய்?

வேக் சர்ஃபிங் என்று ஒரு வீடியோ பார்த்தாய். படகின் வால் பக்கம் பாரம் ஏற்றி, பின்பக்கம் தண்ணீரில் அமுங்கும்படி செய்து, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் ஓட்டினால் பின்னால் ஒரு அலை எழுந்து கூடவே வரும். பலகையில் நிற்பவர் முதலில் கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே சறுக்கிக்கொண்டு வரலாம். பார்க்க அழகுதான். நீயும் உன் நண்பரும் சேர்ந்து ஒரு பழைய படகை வாங்கி, கோவளம் தாண்டி அவர் தோப்பை ஒட்டிய காயலில் விட்டபோது நானும்தான் குதித்தேன். எஞ்சின் பார்த்துக்கொள்ள, பட்டினப்பாக்கத்திலிருந்து குமார் அண்ணனைக் கூட்டிவந்ததுதான் நீ செய்த ஒரே புத்திசாலித்தனம். அவர் முதல் நாளே சொன்னது இதுதான்: பாரம் ஏற்றிய படகு வேறு, ஏற்றாத படகு வேறு. பெயரும் பெயின்டும் ஒன்றாக இருந்தாலும் அது வேறு பிராணி. நிறுத்தினால் உடனே நிற்காது. திருப்பினால் உடனே திரும்பாது. திரும்பினால் உடனே நிமிராது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகிவிடும். அந்த ஒரு சாண்தான் நம் எல்லோருடைய உயிர். நீ தலையாட்டினாய். பிறகு படகுக்கு வால்கனம் போதாது என்று உன் தலைக்கனத்தையும் ஏற்றினாய்.

படகில் பாரத்துக்கென்றே மூன்று பெரிய தண்ணீர்ப் பைகள் உண்டு. காயல் தண்ணீரையே உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். வேண்டாமென்றால் வெளியே தள்ளிவிடும். இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள் கிடப்பதால் அசையாது. அதில் ஒன்று கிழிந்துவிட்டது. புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் பொறுக்க முடியாத நீ, ஞாயிறு காலை கடை டெம்போவில் பதினாறு தண்ணி கேன்களைக் கொண்டுவந்து இறக்கினாய். நம் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் நிற்குமே, அதே நீலநிற இருபது லிட்டர் கேன். உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. சென்னையில்தான் தண்ணீர் என்றதும் கேன் நினைவுக்கு வரும். எதற்குக் கேன், ஏன் கேன் என்று யோசிக்கமாட்டோம். குமார் அண்ணன் ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது உருண்டு போய் டெம்போ சக்கரத்தில் முட்டி நின்றது.

"சார், பை இருந்தா அப்படியே குந்திக்கினு கீது. கேன் குந்தாது சார். இன்னாத்துக்கு இந்த வேலை? இருக்கிற ரெண்டு பையோட போய்க்கினு வா, அலை கொஞ்சம் சின்னதா வரும், அவ்ளோதான்."

"முப்பது வருசமா லோடு ஏத்துதேன். எனக்கு நீ சொல்லித் தாரியா?"

அவர் படகில் ஏறி, கேன்களைப் பின்பக்கம் நடுவில் எட்டெட்டாக இரண்டு வரிசை நிறுத்தி, கடையில் பாத்திரம் கட்டுகிற நீல நைலான் கயிற்றால் கழுத்துக் கழுத்தாக வளைத்து, இரண்டு பக்கமும் கொக்கியில் முடிந்தார். முடிந்தபிறகு இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அந்த ஆளின் முகத்தில் இருந்த அதிருப்தியையும் அந்த முடிச்சில் இருந்த அக்கறையையும் சேர்த்துப் பார்த்த எனக்கு, உன்மேல் அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு நானும் வெட்கப்படுகிறேன். இந்த மாதிரிக் கடிதங்களில் தகப்பன் தன் தவறையும் ஒப்புக்கொள்வது மரபு என்பதால் என்னுடையதில் ஒன்றை இங்கே பதிவுசெய்கிறேன்: போன மாதம், அலை பத்தலப்பா, இன்னும் பெருசா வேணும் என்று உன்னைக் கிளப்பிவிட்டவன் நான். பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ என்று. மொத்தம் என்றால் ஆள், பை, கேன், பெட்ரோல், புளியோதரை, சித்தப்பாவின் தொப்பை, எல்லாம் சேர்ந்த மொத்தம். ஆயுத பூஜைக்குப் படகுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, முன்னால் பூசணிக்காய் உடைத்தபோது, நீ சரியாக அந்தத் தகட்டின் மேல் ஒரு சாமிப் பட ஸ்டிக்கரை ஒட்டினாய். அன்றிலிருந்து நம் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது சாமிக்கு மட்டும்தான் தெரியும். நான் போன ஞாயிறு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். ஆறு பேர் என்று இருந்தது. நாம் எட்டு பேர்: நீ, அம்மா, அக்கா, நான், சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள். நான் சொன்னேன். வாண்டுகள் இரண்டையும் சேர்த்து ஒன்று என்று வைத்துக்கொள் என்றாய். தண்ணீர் அப்படி வைத்துக்கொள்ளாது, மகனே. அதனிடம் அரை டிக்கெட் கிடையாது.

இப்போது நடந்ததை எழுதுகிறேன். நீ கடையில் சொல்லிக்கொண்டிருக்கிற கதையில் பாதி இல்லை, அதனால்.

அக்கா உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பலகையோடு தண்ணீரில் இறங்கினாள். வாண்டுகள் இரண்டும் படகின் முன்மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே பாரம் கூடாது என்று குமார் அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? பின்பக்கம் பாரம் இருக்கும்போது முன்பக்கமும் ஆள் ஏறினால், மூக்கு தூக்காது, அலையைக் கண்டால் ஏறிப் போகாது, உள்ளே புகுந்துவிடும். நீ நின்றுகொண்டே ஓட்டினாய். ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டிய சிவப்புச் சுருள் கயிறு, ஆள் விழுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்துவது, அது அரிக்கிறது என்று ஸ்டியரிங்கிலேயே சுற்றிவைத்திருந்தாய். அக்கா எழுந்தாள். கயிற்றை விட்டாள். பத்து எண்ணும்வரை அந்த அலையில் நின்றாள். நம் வீட்டில் ஒருவருக்குமே வராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. பிறகு விழுந்தாள். விழுவது தப்பே இல்லை, எல்லோரும் விழுவார்கள். விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? வேகத்தைக் குறைத்து, படகை நேராகவே விட்டு, தன் அலை தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு மெதுவாக, கர்ப்பிணியை ஏற்றிய ஆட்டோக்காரர் போல வளைந்து வர வேண்டும். பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? பனகல் பார்க் பக்கம் யூ டர்ன் அடிப்பதுபோல, வேகத்தைக் குறைக்காமல் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தாய்.

கேன்கள் அவிழ்ந்தன. முதலில் நான்கு சாய்ந்தன, பிறகு பதினாறும். எல்லாம் இடது பக்கம் உருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, படகும் இடது பக்கம் சாய்ந்தது. சித்தப்பா சித்திமேல், சித்தி ஐஸ் பெட்டிமேல். நீயே எழுப்பிய அலை எதிரே வந்தது. மூக்கு அதற்குள் நுழைந்தது. ஒரு அண்டா தண்ணீரைக் கவிழ்த்ததுபோல வாண்டுகள்மேல் கொட்டியது. மூக்கு கீழே போனதும் கேன்கள் முன்னால் உருண்டன. அதில் ஒன்று உன் முழங்காலை வாரிவிட்டது. நீ விழுந்தாய். கை ஸ்டியரிங்கை விடவில்லை, எஞ்சின் நிற்கவில்லை, படகு அரைவட்டம் போட்டுக்கொண்டு நேராக அக்காவைப் பார்த்துத் திரும்பியது.

இந்த இடத்தை நான் நாலு நாளாகத் தினமும் பார்க்கிறேன். கண்ணை மூடினாலும் தெரிகிறது, கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் தெரிகிறது. எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கிறது, தண்ணீரைத் தள்ளுகிற விசிறி அடியில் இருக்கிறது, அதனால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்தில்லை என்று நீ அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தாய். படகு ஆளைவிட்டு முன்னால் போகிறவரைதான் அது நிஜம். ஆள்மேலேயே படகு வந்தால், அடியில் இருக்கிற விசிறிதான் முதலில் வந்து விசாரிக்கும். அக்கா பலகையைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். ஒரு படகைக் கையால் தடுக்க முடியும் என்பதுபோல. எஞ்சின் நின்றபோது அவளுக்கும் படகுக்கும் நடுவில் நம் வீட்டு ஹாலின் அகலம்கூட இல்லை. மிச்ச வேகத்தில் படகு வந்து அவள் முழங்கையில் இடித்தது. ஒரு பிளாஸ்திரியோடு போயிற்று என்று நீ சொல்கிறாய். ஒரு பிளாஸ்திரி அளவு இடம் வைத்துத்தான் என் அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொல்கிறேன். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மகனே. இப்படிப் படகை மேலே ஓட்டுவதற்காகவா அவளை இத்தனை வருடம் வளர்த்தாய்?

சிவப்புக் கயிற்றைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தியது யார் என்பதை நீயே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். குக்கர் வாங்க வருகிறவர்களிடம், என் பையன் இல்லேன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்கும் என்று ஆரம்பிக்கிறாயாம். பதினேழு வயதில் இந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? எல்லோரும் அலறும்போது ஒருவன் மட்டும் செய்ய வேண்டியதைச் செய்தான் என்றால் அவனுக்குக் கடிதம் எழுதும் உரிமை உண்டல்லவா? அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பிறகு நீ செய்ததுதான் என்னால் தாங்க முடியாதது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியில் படகு நின்றுகொண்டிருந்தது. குமார் அண்ணன் கரையிலிருந்து சின்ன ஃபைபர் படகில் வந்து, முதலில் அக்காவைத் தூக்கி, பிறகு வாண்டுகளை மாற்றி, கேன்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ளி, நம்மைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். பதினாறு நீலக் கேனும் நமக்குப் பின்னால் மிதந்து வந்தன. கரையில் இறங்கியதும் நீ நன்றி சொல்லவில்லை. தோப்பு ஆட்கள், சித்தப்பா, எல்லோருக்கும் முன்னால் அவரைப் பார்த்து, நாலு கேனை ஒழுங்காகக் கட்டத் துப்பில்லாதவன் என்றாய். உன்னை நம்பி என் பொண்ணை இறக்கினேனே என்றாய். நாளையிலிருந்து வராதே என்றாய். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"நான் போட்ட முடிச்சு அவுறாது, சார்."

அவ்வளவுதான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உனக்கு மிதப்பு அதிகம், படகுக்குக் குறைவு. அதை மறைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, பட்டினப்பாக்கத்துக்காரர் கிடைத்தார். அந்த முடிச்சு தானாக அவிழவில்லை என்று நான் அடித்துச் சொல்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கடைசியில் சொல்கிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. அதற்கு முந்தின மாதம் கரையை ஒட்டி, நண்டு பிடிக்கிற ஒருவரின் சின்ன வள்ளத்துக்கு வெகு அருகில் ஓட்டினாய். அலை நமக்குப் பின்னால் எழுவதால் அது என்ன செய்கிறது என்று ஓட்டுகிறவன் பார்ப்பதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வள்ளம் குப்புறக் கிடந்தது, அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையைத் தேடிக்கொண்டிருந்தார். நீ கையசைத்தாய். அவரும் கையைத் தூக்கினார். அது டாட்டா இல்லை. படகை எவ்வளவு கனமாக்குகிறாயோ, அலை அவ்வளவு பெரிது. அந்த அலை உன் குடும்பத்துக்குப் பின்னால் யார் குடும்பத்தை இடிக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் எப்போதும் பின்னால் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். கரையைவிட்டுத் தள்ளி, ஆழத்தில், வேறு ஆள் இல்லாத இடத்தில் ஓட்ட வேண்டும். அகலமான காயல் இருக்கும்போது அடுத்தவன் வாசலில்தான் ஓட்டுவேன் என்றால் எப்படி?

ஆகவே வருகிற ஞாயிறு இப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் தோப்பில் உட்கார்ந்து சாப்பிடட்டும். படகில் ஒரு நேரத்துக்கு நாலு பேர், எல்லோருக்கும் அங்கி, ஒருவரும் மூக்கில் உட்காரக் கூடாது. புதுப் பை வருகிறவரை பின்னால் சறுக்குகிற வேலையே வேண்டாம். இரண்டு பையையும் காலி செய்துவிட்டு, வெறும் படகாக, மெதுவாக, ஒரு சுற்று. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கும். நீயே முதலில் உனக்கும் தெரியாது என்று சொல்லிவிடு, உண்மைதானே. ஸ்டிக்கரைக் கிழித்துவிடு. சாமி கோபித்துக்கொள்ளமாட்டார், இடம் மாற்றி ஒட்டலாம். சிவப்புக் கயிறு உன் மணிக்கட்டில் இருக்க வேண்டும், அரித்தால் சொறிந்துகொள். கேன்கள் வீடு திரும்பட்டும், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அம்மா இரண்டு நாளாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். படகின் ஸ்டியரிங்கை யாரிடமாவது கொடுப்பதானால், அது குமார் அண்ணனாக இருக்க வேண்டும். அவர் வராவிட்டால் படகும் வராது.

அப்பா, இனி நீங்கள்.

மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு பேரை ஏற்றியது நீங்கள்தான், ஒடித்துத் திருப்பியது நீங்கள்தான், குமார் அண்ணனைத் திட்டியது நீங்கள்தான். ஆனால் அவருடைய முடிச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. போன மாதம் அவர் எனக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறார். கடலில் வலை எதிலாவது சிக்கிப் படகை இழுத்தால் ஒரே இழுப்பில் விடுவிக்க வேண்டுமாம். அதற்காக ஒரு வால் விட்டுத்தான் முடிவார்கள். எந்தப் பக்கம் ஆட்டினாலும் அவிழாது, வாலைப் பிடித்து இழுத்தால் மட்டும் அவிழும். அக்கா அங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, காலை நீட்டிப் பாதித் தூக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து நடக்கும்போது செருப்பு கூட வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. செருப்பை இருக்கையின் காலோடு கட்ட ஒரு துண்டுக் கயிறு வேண்டியிருந்தது. அந்த வால் எனக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வேண்டிய அளவு அறுத்துக்கொண்டேன். கேன்கள் அப்போது நின்ற இடத்திலேயே நின்றன, அசையவில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். லோடைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று நானும்தான் நினைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் சித்தப்பாவின் இடது செருப்பைப் பாருங்கள். நீல நைலான் இன்னும் வாரில் இருக்கிறது. அவர் அதைத் தோப்பில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கரையில் நீங்கள் குமார் அண்ணனைத் திட்டியபோது அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகள் இருக்கும் பக்கம் போகலாம், அங்கேதான் இருப்பார். நான் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். எது பெரியது என்று வண்டியில் போகும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

சாவியைத் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டாம். அன்றைக்கு அதைப் பிடுங்கியவரிடமே கொடுத்துவிட்டேன், அம்மாவிடம். ஆமாம், அம்மாதான். படகைப் பற்றி எதுவும் தெரியாதவள், சிவப்பாக இருந்த ஒன்றைப் பார்த்து இழுத்தாள். நீங்கள் கீழே கிடந்ததால் பார்க்கவில்லை. எழுந்தபோது, அவள் கையிலிருந்து நழுவிய கயிறு என் காலடியில் கிடந்தது, என் பையன் என் பையன் என்று நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள், நான் இடையில் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை, தோசை போடும்போது மட்டும் நாலு நாளாக ஒரு பார்வை பார்க்கிறாள். எஞ்சின் நின்ற அந்த நேரத்தில் உங்கள் நிதானமான பிள்ளை இறுகக் கண்ணை மூடி, புளியோதரைத் தூக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.